கடன் இல்லாத படை

அருப்புக்கோட்டை,
புரட்டாசி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அம்மாச்சிக்கு முழங்கால் வலி தேவலை. மழைதான் இன்னும் வரக் காணோம். கரிசல்காட்டுக்காரர்கள் புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ அனுப்பிய அத்தியாயங்களை பஜாரில் கொடுத்து பிரின்ட் போட்டு வாங்கிப் படித்தேன். போனில் படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது. ‘எப்படி இருக்கு, ஒரே வரியில சொல்லுங்க மாமா’ என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் சொல்வதென்றால், கிரகம் பிரமாதம், ஆட்கள் இன்னும் பிறக்கவில்லை.

தண்ணீர் இல்லாத அந்தக் கிரகத்தை நீ எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே, திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வளர்ந்த பயல் என்று தெரிந்துவிடுகிறது. வெடித்துப் பிளந்து கிடக்கும் கறுப்பு மண், பிளவுக்குள் சக்கரம் மாட்டிக்கொண்ட வண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ஜாதி முள். அதெல்லாம் அச்சு அசல். அந்த மண் மேல் நிற்கிற உன் வீரர்கள்தான் வேறெங்கிருந்தோ வந்து இறங்கினவர்களாக இருக்கிறார்கள். எழுநூறு வருஷமாகத் தோற்காதவர்கள், பயம் அறியாதவர்கள், அழத் தெரியாதவர்கள் என்று எழுதியிருக்கிறாய். மூன்றும் அவர்களிடம் இல்லாதவை. சரி, இருப்பது என்ன என்று தேடினால், கறுப்புக் கவசம், நெஞ்சில் ஒரு சின்னம், தளபதியின் நீளமான பேச்சு. அவ்வளவுதான் தேறுகிறது.

நீ வர்ணம் தீட்டி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற பொம்மை வீரர்களை எனக்குக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? வார்ஹாமர் 40,000, இங்கிலாந்துக்காரர்கள் 1987-இல் கொண்டுவந்த விளையாட்டு என்று சொன்னாய். பிரிவுக்குப் பிரிவு ஒரு நிறம், ஒரு மூலபுருஷன், ஒரு சொந்தக் கிரகம். அத்தனை பிரிவிலும் எனக்கு இன்றைக்கும் மனசில் நிற்பது ப்ளட் ஏஞ்சல்ஸ் மட்டும்தான். ரத்தத்திலேயே ஒரு கோளாறு, வெறி ஏறினால் ரத்தத்துக்குத் தவிப்பார்கள், அதை அடக்குவதே அவர்களுக்குப் பெரும்பாடு என்று நீ சொன்னது ஒட்டிக்கொண்டது. சுஜாதாவின் ஜீனோவும் அப்படித்தான். ‘என் இனிய இயந்திரா’வில் அது ஒரு இயந்திர நாய். ஆனால் புத்தகம் படிக்கும், எதிர்த்துப் பேசும். அந்தக் கதையின் மனுஷர்களை மறந்தவர்கள்கூட ஜீனோவை மறக்கவில்லை.

குறையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் என்ன மாமா? யோசனையும் சொல்கிறேன். உன் படைக்கு ஒரு கடனை வை. யார் கையால் எதைச் சாப்பிட்டுவிட்டு இவர்கள் ஆயுதம் எடுத்தார்கள் என்று முதலில் முடிவு பண்ணு. குணம், பழக்கம், சடங்கு, சண்டைச் சச்சரவு எல்லாம் அதற்குப் பின்னாலேயே வந்துவிடும்.

ராஜாவுக்காக உயிரைக் கடனாக வைத்த ஆபத்துதவிகளை உனக்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாகத் தெரியும். ரவிதாசன் கோஷ்டி, நள்ளிரவுக் காடு, சபதம். உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசனும் அவன் சகோதரர்களும் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்றுதான் இருக்கிறது. அவர்களைப் பாண்டியனின் ஆபத்துதவிகளாக ஆக்கியது கல்கியின் கைவேலை. நல்ல கைவேலைதான், ஆனால் வில்லனாக்கிவிட்டதால் அவர்கள் மனசுக்குள் அவர் அதிகம் போகவில்லை. ராஜாவுக்காக உயிரை எழுதிக் கொடுத்த கூட்டம் என்பது மட்டும் கற்பனை இல்லை. 1292 வாக்கில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அப்படி ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ராஜா எங்கே போனாலும் கூடவே போவார்கள், அவன் செத்தால் சிதையில் தாங்களும் இறங்குவார்கள். இங்கே கூட இருந்தோம், அங்கேயும் கூட இருக்க வேண்டாமா என்பது அவர்கள் நியாயம்.

அவருக்கும் முன்னூறு வருஷத்துக்கு மேல் முந்தியவர் அபூ ஸைத் என்ற அரபுக்காரர். அவர் எழுதி வைத்திருப்பது இன்னும் அருமை. இந்திய ராஜாக்கள் சிலர் பட்டம் ஏறுகிற அன்று சோறு சமைத்து வாழையிலையில் வைப்பார்களாம். ராஜா சாப்பிட்டுவிட்டுத் தன் தோழர்களுக்குக் கொடுப்பான். விரும்பி வருகிறவன் வாங்கிச் சாப்பிடலாம். சாப்பிட்டவன் அத்தனை பேரும், ராஜா செத்தாலோ கொல்லப்பட்டாலோ, அதே நாளில் தீயில் இறங்க வேண்டும்.

மாப்ளே, அந்த இலைக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் உட்காரு. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. கை நீட்டி வாங்கி வாயில் போட்டாயிற்று. அன்றைக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கம் வந்திருக்குமா? மறுநாளிலிருந்து ராஜா தும்மினால் இவனுக்கு வயிற்றைக் கலக்கும். ராஜாவின் குதிரைக்கு லாடம் சரியாக அடித்திருக்கிறதா என்று இவனே குனிந்து பார்ப்பான். இவன் வீட்டுக்காரி காலையில் எழுந்ததும் தெருவில் விசாரிப்பது புருஷன் உடம்பைப் பற்றி இருக்காது, ராஜா உடம்பைப் பற்றித்தான் இருக்கும். பயம் அறியாதவர்கள் என்று நீ எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிட்டு, ஒரே ஒரு பயம் மட்டும் உள்ளவர்கள் என்று எழுதிப் பார். செஞ்சோற்றுக் கடனைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தப்பான பக்கம் என்று தெரிந்தும் நகர முடியாமல் நிற்கிறவன் மேல்தான் நம் ஜனத்துக்குப் பாசம். விடிய விடியக் கூத்துப் பார்க்கிறவன் அர்ச்சுனனுக்காகவா அழுகிறான்?

இரண்டு கடன் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் போய்ப் பார்க்க வேண்டும். சோழர்களை விரட்டிவிட்டுப் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் விஜயபாகுவிடம், உயிரைக் கொடுத்துக் காப்பதாக வாக்குக் கொடுத்த, தமிழ் பேசுகிற வேளைக்காரப் படை இருந்தது. ஒரு நாள் சோழன் மேல் படையெடுத்துப் போகச் சொன்னான். காரணம் என்று பார்த்தால், அவர்களுக்குப் போக மனமில்லை என்பதோடு இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் நிறுத்திக்கொள்கிறது. நாவல் எழுதுகிறவனுக்கு அந்த இடத்தில்தான் வேலை. மாட்டோம் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. தளபதிகள் இருவரைக் கொன்று, ராஜாவின் தங்கையைச் சிறைபிடித்து, அரண்மனைக்கே தீ வைத்தார்கள். ராஜா தப்பி ஓடி, ஆள் திரட்டி வந்து, கலகத் தலைவர்களைப் பிடித்து, செத்துப்போன தளபதிகளின் சிதையைச் சுற்றிக் கட்டிவைத்துக் கொளுத்தினான்.

இத்தோடு அந்தப் படையின் கதை முடிந்தது என்றுதானே நினைப்பாய்? விஜயபாகு காலமான பிறகு பொலன்னறுவையில் வேளைக்காரர்கள் ஒரு தமிழ்க் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். புத்தரின் பல் வைத்திருக்கும் கோயிலை எங்கள் பெயரில், எங்கள் காவலில் ஏற்றுக்கொள்கிறோம், அதன் ஊர்களையும் உடைமையையும் அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும் நாங்கள் கெட்டழிந்தாலும் காப்போம், சூரிய சந்திரர் உள்ள மட்டும் இது நடக்கும் என்று. அரண்மனையைக் கொளுத்திய படை கோயிலுக்குக் காவல். உன் கதையில் எழுநூறு வருஷத்தில் ஒரு கலகம்கூட இல்லையே, அது எப்படி? ஒன்றை வை. கலகம் செய்தவர்களின் வழியில் வந்தவர்கள் இன்றைக்கு எல்லோரையும்விட அதிக விசுவாசமாக இருக்கட்டும், பார்க்கிறவனுக்கு உறுத்துகிற அளவுக்கு.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். திருச்சுழியை ஒட்டிக் குண்டாற்றங்கரையில் பள்ளிமடம் கோயில் இருக்கிறதே, அது சுந்தரபாண்டியன் என்ற ராஜாவின் பள்ளிப்படையாக எழுந்தது. அந்தக் காலத்தில் நம் பகுதிக்குப் பருத்திக்குடி நாடு என்று பெயர். அங்கே ‘சோழன் தலைகொண்ட’ வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் என்று புரிகிறதா? ஆதித்த கரிகாலன் தலை வாங்கினானே, கல்கியின் ஆபத்துதவிகள் யாருக்காகப் பழிவாங்கக் கிளம்பினார்களோ, அதே ஆள். பொன்னியின் செல்வன் படம் வந்தபோது இங்கே எல்லோரும் தஞ்சாவூரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் அவன் பெயர் கல்லில் இருப்பதை ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்தக் காலத்துக் கோயில் கல்வெட்டுகளை வரிசையாகப் படித்தால் வீரம் கொஞ்சம்தான், ஆட்டுக் கணக்குதான் நிறைய. ஒருத்தன் நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுக்கிறான். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் இத்தனை நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதுவார்கள். சாகாத ஆடு எங்கே இருக்கிறது? கிடையில் ஒன்று செத்தால் குட்டி ஒன்று அந்தக் கணக்கில் ஏறிக்கொள்ளும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. வாங்கியவன் செத்தால் மகன் அளப்பான், மகனுக்கு அப்புறம் பேரன். பாரசீகர்களிடம் பத்தாயிரம் பேர் கொண்ட ‘சாகாதவர்கள்’ படை இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியதும் இதே கணக்குதான். ஒருவன் விழுந்தால் அடுத்தவன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான், தலைக்கணக்கு குறையவே குறையாது.

உன் வீரர்கள் மரபணுவை மாற்றி எழுநூறு வருஷம் உயிரோடிருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிட்டு இந்த ஆட்டுக் கணக்கை எடுத்துக்கொள். ஆள் சாகிறான், எண் சாகாது. புதிதாக வருகிற பையன் செத்தவனின் எண்ணையும் கவசத்தையும் மட்டும் வாங்கிக்கொள்வதில்லை, அவன் கொடுக்க வேண்டிய பாக்கியையும் வாங்கிக்கொள்கிறான். தனக்கு முன்னால் அந்த எண்ணில் இருந்த பதினேழு பேர் யார் யாரிடம் என்னென்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று அவன் மனப்பாடம் பண்ண வேண்டும். அதில் ஒன்று அவனுக்குப் பிடிக்காத வாக்காக இருக்கட்டும். முழுக் கதையும் அதிலிருந்தே கிளம்பிவிடும்.

அப்புறம் காவல். பாளையக்காரர் காலத்தில் நம் சீமை முழுக்க ஊர்க்காவல் உண்டு, பல ஊருக்கும் சேர்த்து தேசகாவலும் உண்டு. அறுப்பு முடிந்து களத்தில் நெல்லோ தானியமோ அளக்கும்போதே காவல்காரன் பங்கைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. மாடு களவு போனால் காவல்காரன் தடம் பார்த்துப் போய் மீட்டு வர வேண்டும். முடியவில்லையா, கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். இந்த மாதிரி ஒரு படையை விண்வெளிக் கதையில் நான் கேள்விப்பட்டதே இல்லை. தோற்றால் நினைவுச் சின்னம் கிடையாது, பில் வரும். ஒரு நகரத்தைக் காப்பாற்றத் தவறிய உன் தளபதி, உயிர் பிழைத்த ஒவ்வொரு குடும்பத்தின் வாசலிலும் போய் நின்று இழப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தால், அவன் நாலு பக்கம் பேசுவானா?

இதற்கு ஒரு கள்ளப் பக்கமும் இருந்தது. துப்புக்கூலி. தொலைந்த மாடு எங்கே நிற்கிறது என்று துப்புச் சொல்லி மீட்டுக் கொடுப்பதற்கு ஒரு கூலி. துப்புச் சொல்கிறவனுக்கு மாடு நிற்கிற இடம் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். காவலும் களவும் சில இடங்களில் பங்காளிகள்தான். உன் படையை அவ்வளவு சுத்தமாக வைக்காதே. காவல் பங்கு கொடுக்காத ஒரு ஊரில் மட்டும் அந்த வருஷம் ஏன் களவு அதிகமாக இருந்தது என்று ஒரு கிழவி கேட்கட்டும். பதில் சொல்லாமல் அத்தியாயத்தை முடி.

1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களை. சினிமா அத்தோடு முடிந்துவிடும். நீ அங்கே தொடங்கு என்கிறேன். கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பிடுங்கினார்கள், காவல் உரிமையைக் கும்பெனி எடுத்துக்கொண்டது. வேலும் வேலையும் ஒரே சமயத்தில் போனவனின் பேரன் என்ன ஆனான்? 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது இறங்கி, பிறந்த குலத்தைப் பார்த்தே ஆளைக் குற்றவாளி என்று பதிந்தார்கள். ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் கண் முன்னால் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-இல் உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்பிள்ளை உட்படப் பலர் செத்தார்கள். 1947-இல்தான் இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஊரைக் காத்தவன் பேரனை ஊர் காவலில் வைத்த கதை இது. எதிரி சுட்டு அழிவதைவிட, ஒரு பேரரசு பேரேட்டில் எழுதி ஒரு படையை அழிப்பது ரொம்பக் கொடுமை. உன் எதிரிகளிடம் லேசர் பீரங்கி இருக்கிறது, ஒரு ரிஜிஸ்டர் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வளர்ந்த பையன், புரிந்துகொள்வாய். வீரம் ரத்தத்தில் வருகிறது, பரம்பரையில் வருகிறது என்கிற பேச்சு நம் சீமையில் குடித்த உயிர்கள் கொஞ்சமில்லை. 1957 முதுகுளத்தூர்க் கலவரத்தைப் பற்றி உன் தாத்தா வயசுக்காரர்களிடம் கேட்டால் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கும் போஸ்டரில் வாள் தூக்கி நிற்காத ஜாதி எது? உன் கையெழுத்துப் பிரதியில் ‘வீரர் குலத்தில் பிறந்தவனே படையில் சேரலாம்’ என்று இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எடுத்துவிடு. எடுக்க மனமில்லை என்றால், அந்த விதியால் வெளியே நிறுத்தப்பட்ட ஒரு ஆளைக் கதைக்குள் கொண்டுவந்து அவன் வாயால் அதைப் பேசவிடு. இலைச்சோற்றுக்குக் கை நீட்ட யாருக்கும் உரிமை இருந்தால்தான் அந்தக் கவளத்துக்கு மரியாதை.

சண்டை இல்லாத நாளில் இவர்கள் பிழைப்பு என்ன? நீ எழுதவே இல்லை. அதை உன் மண்ணிலேயே தேடு. ‘ட்யூன்’ எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டுக்கு அந்தக் கதைக்கான பொறி தட்டியது 1957-இல், ஆரிகன் கடற்கரையில் நகரும் மணலைப் புல் நட்டு நிறுத்துகிற அரசாங்கத் திட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் போன இடத்தில். நமக்கு அப்படி வந்தது சீமைக்கருவை. அமெரிக்கக் கண்டத்து முள், வறண்ட காட்டுக்கு விறகாகும் என்று பரப்பினார்கள், அது கண்மாய்க்குள்ளேயும் புகுந்துகொண்டது. திட்டினாலும் பாதிச் சனத்துக்கு அடுப்பும் கூலியும் அதுதான். கரிமூட்டம் போடுகிறவர்களை நீ கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. கட்டைகளை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் தழையும் மூடி, மேலே ஈரமண்ணை அப்பி, உள்ளே தீ வைத்துவிடுவார்கள். நாள்கணக்கில் அது புகைந்துகொண்டே கிடக்க வேண்டும், எரியக் கூடாது. எங்கேயாவது மண் விட்டு ஒரு ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் ராத்திரியிலும் ஒரு ஆள் கையில் மண்வெட்டியோடு மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவான். வெள்ளையாக வருகிற புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் வெந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். உன் வீரர்களுக்கு இந்த வேலையைக் கொடு. இருட்டில் புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு எதிரி முகாம் எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்றும் தெரியும். கவசம் ஏன் கறுப்பு என்பதற்கும் உன்னிடம் இப்போது காரணம் கிடையாது. இதையே வைத்துக்கொள்ளலாம்.

இனி நான் உனக்கென்று யோசித்து வைத்த விஷயம்.

பிரளய வெள்ளம் வந்தபோது சிவன் சூலத்தால் பூமியைக் குத்தி, வெள்ளம் சுழித்துக்கொண்டு அந்தத் துளைக்குள் இறங்கிப் போனது என்பது திருச்சுழித் தலபுராணம். மழைக்கு ஏங்குகிற ஊருக்கு வெள்ளத்தை விழுங்கிய புராணம். சின்ன வயசில் எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். கண்மாயைப் புரிந்துகொண்ட பிறகு வேடிக்கையாக இல்லை. வருஷத்தில் பத்து மாசம் காய்ந்து கிடக்கிற சீமையில்தான் வெள்ளத்துக்கு ஜாஸ்தி பயம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் கொட்டினால் கரை உடைந்துவிடும். கரை உடைந்தால் ஊரும் போயிற்று, அடுத்த வருஷச் சோறும் போயிற்று.

பழைய கண்மாய்களில் கரையிலிருந்து தள்ளி, நீருக்குள்ளே இரண்டு கல்தூண் நிற்கும், குறுக்கே கல் பலகை போட்டு. குமிழித் தூம்பு. அதன் அடியில் கல் தொட்டி, மேல்பக்கம் நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. தண்ணீரோடு சேறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும், கண்மாய் சீக்கிரம் மேடாகாது. துளையை அடைத்திருக்கிற கல்லைத் திறக்க ஒரு ஆள் முங்கிப் போக வேண்டும். சாதாரண நாளில் அது பெரிய விஷயம் இல்லை. கண்மாய் நிரம்பி அலையடிக்கிற ராத்திரியில், கலங்கல் தண்ணீரில் கண் தெரியாமல், தூணைத் தடவிக்கொண்டே இறங்கி, மூச்சு இருக்கும்போதே கல்லை அசைத்துவிட்டு, நீர் இழுக்கிற இழுப்புக்குத் தப்பி மேலே வர வேண்டும். வராமல் போனவர்கள் உண்டு. நம் ஊர்களில் மடை பார்த்தவர்கள் பெரும்பாலும் ஊர் ஒதுக்கி வைத்திருந்த தெருவைச் சேர்ந்தவர்கள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று நீர்பாய்ச்சி சொன்னால் பண்ணைக்காரரும் வாய் திறக்க மாட்டார். கரையைவிட்டு இறங்கிவிட்டால் அந்த மரியாதை வீடு வரை வராது. பெரிய மீசை வைத்துக் குதிரையில் உட்கார்ந்த வீரனுக்கெல்லாம் நாம் சிலை வைத்தோம். இவர்களுக்குச் சிலை வைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

உன் படையின் முதல் ஆள் வாள் வீரனாக இருக்க வேண்டாம், மடைக்காரனாக இருக்கட்டும். அந்தக் கிரகத்தில் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் இருந்தது. ஒரு ராத்திரி வெள்ளத்தில் ஊர் முழுகாமல் இருக்க ஒருத்தி முங்கினாள். (ஆம்பிளை என்றுதான் எழுத வேண்டுமா என்ன?) மடையைத் திறந்துவிட்டாள், மேலே வரவில்லை. உயிர் பிழைத்த ஊர் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள்தான் உன் படை. அப்புறம் தண்ணீர் வற்றியது, வற்றியே போனது. இன்றைக்கு அந்தக் கிரகத்தில் நனைய ஒரு குட்டை கிடையாது. ஆனாலும் படையில் சேருகிற ஒவ்வொரு பையனும் பெண்ணும் மூச்சடக்கப் பழக வேண்டும். மணல் நிரப்பிய தொட்டிக்குள் கண்ணைக் கட்டி இறக்கி, அடியில் கிடக்கும் ஒரு கல்லைத் தடவிப் பிடித்து அசைக்கச் சொல்வார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி கொடுக்கிற கிழவனுக்கும் தெரியாது, கேட்டால் அடிப்பான். முகமூடி போட்ட எதிரிகள் விஷக் காற்று விடும்போது இவர்கள் மட்டும் நிற்பது அந்தப் பழக்கத்தால் என்று ஊர் நம்புகிறது, இவர்களும் நம்புகிறார்கள். கதையின் கடைசியில் எங்கிருந்தோ தண்ணீர் திரும்பி வரும்போதுதான் அந்தப் பயிற்சி எதற்கு என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும். யார் முங்குகிறார்கள் என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன்.

பெயர் இன்னும் வைக்கவில்லை என்று சொன்னாய். அவசரம் வேண்டாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகளின் பெயர்கள் வருகின்றன, நித்தவினோதத் தெரிந்த வலங்கை வேளைக்காரர், சண்டபராக்கிரமத் தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்று. ராஜாவின் பட்டப்பெயர் முன்னால், அவர்கள் பின்னால். பெயர்கூடச் சொந்தமில்லாத ஆட்கள். ராஜா மாறி, பெயரும் மாறிவிட்ட படையில் பழைய பெயரை ரகசியமாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஒரு நாலு பேர் இருப்பார்கள் இல்லையா?

உன் பெண் தளபதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் போரிடுகிற இடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வேலு நாச்சியாரை எடுத்துக்கொள். 1772-இல் காளையார்கோவிலில் புருஷனைப் பறிகொடுத்தவர் சிவகங்கைக்குத் திரும்பியது 1780-இல். எல்லோரும் அந்தத் திரும்பி வருகையைத்தான் நாடகம் போடுகிறார்கள். நடுவில் எட்டு வருஷம் திண்டுக்கல் பக்கம் அடுத்தவர் நிழலில், கையில் ஒரு பெண் குழந்தையோடு, ஹைதர் அலியின் உதவியை எதிர்பார்த்துக் காத்திருந்த ராணியை யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். உன் தளபதிக்கும் அப்படி ஒரு எட்டு வருஷம் கொடு.

மடைக் காட்சியை எழுதுவதாக இருந்தால் தீபாவளி வரை காத்திருக்காமல் இந்த மாசக் கடைசியிலேயே ஒரு சனி ஞாயிறு வந்துவிட்டுப் போ. கண்மாய் காய்ந்து கிடக்கும்போது தூம்பு வரை நடந்தே போகலாம், தொட்டிக்குள் கை விட்டுத் துளையைப் பார்க்கலாம். மழை விழுந்துவிட்டால் தூணின் தலை மட்டும்தான் தெரியும். வரும்போது செருப்புப் போடாதே, ஷூ போட்டுக்கொண்டு வா, கருவை முள் ரப்பரையெல்லாம் துளைத்துவிடும். அத்தை உனக்குக் குதிரைவாலிச் சோறு ஆக்கித் தருவதாகச் சொல்கிறாள். பிரியாணி கேட்காதே, கோபப்படுவாள்.

கரண்ட் வந்துவிட்டது, தறி ஓடத் தொடங்கிவிட்டது. இனி எனக்கு நான் யோசிப்பதே காதில் விழாது. 

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பி.கு.: கரிசல் மண்ணில் சக்கரம் மாட்டிக்கொண்ட காட்சியில் வண்டியை வீரர்கள் ஒரே மூச்சில் தூக்கிவிடுகிறார்கள். அது நடக்காது. மாட்டினால் மாட்டினதுதான். ஒரு ராத்திரி அங்கேயே உட்காரவிடு, ஒருத்தரோடு ஒருத்தர் பேசியாவது தொலைக்கட்டும்.